குழல் மாறும், குறி மாறுமா?

அப்புத்தளை மலையிடைவெளியில் நிற்போர்க்கு இரு உலகங்கள் ஒருங்கே காட்சி தரும். ஒருபுறம் தேயிலை மலைகள் அடுக்கடுக்காய் எழுந்து பதுளை நோக்கிச் செல்லும். மறுபுறம் நிலம் சட்டென வீழ்ந்து, தெற்கே தாழ்நிலக் காடுகளாகவும், அவற்றிற்கப்பால் கடலைத் தொடும் சமவெளியாகவும் விரியும். இவ்விரு உலகங்களின் எல்லைக் கோட்டிலே, 1845ஆம் ஆண்டு யூன் மாதம் 7ஆம் நாள், இடியும் மழையும் கலந்த வேளையொன்றில், அங்கிருந்த வாடிவீட்டில் தங்கியிருந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவர் மின்னல் தாக்கி மாண்டார். அவர் பெயர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ். இலங்கை றைபிள் படைப்பிரிவின் மேஜர், பதுளையின் உதவி அரசாங்க அதிபர், அம்மாவட்டத்தின் நீதிபதி. அப்பொழுது அவருக்கு வயது 41. அவ்வயதுக்குள் அவர் 1400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியிருந்தார் எனச் சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற் எழுதி வைத்துள்ளார்.

யானைகளைக் கொன்ற பாவமே மின்னலாய் இறங்கிற்று என்பது மலைநாட்டு மக்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் கதை. நுவரெலியாவில் உள்ள அவர் கல்லறையையும் மின்னல் விடாது தாக்கியது எனக் கதை மேலும் வளரும். கேட்போர் மனத்திற்கு இஃது ஒருவித நிறைவைத் தருகின்றது. ஆயினும் அறத்தைப் பற்றிச் சிந்திப்பார்க்கு இந்நிறைவு போதாது. ஊவா மலைகளில் மின்னல் துரைமாரை மட்டும் தேடித் தாக்குவதில்லை. கொழுந்துக் கூடையோடு மலையில் நிற்கும் பெண்ணையும் அது தாக்குகின்றது. அவள் எந்த யானையைக் கொன்றாள்? மின்னலை நீதிபதியாக்கினால், அதன் தீர்ப்புகள் யாவற்றையும் நீதியென ஏற்க வேண்டியதாகிவிடும். ஆகவே றொஜர்சின் வழக்கை வானத்திடம் ஒப்படைத்துவிட்டு மனிதர் ஒதுங்குதல் இயலாது. ஓர் உயிரைக் கொல்லும் கருவியைக் கையில் எடுக்கும்போது மனிதன் எதற்குப் பொறுப்பாளியாகின்றான் என்ற வினாவுக்கு மனிதனே விடைகூற வேண்டும்.

இவ்வினா பழைய வினா. ஆயின் இன்று அது புதியதொரு வடிவில் கடை வாயிலிலே நிற்கின்றது. அவ்வடிவை விளங்கிக்கொள்ள, வேட்டைக் கருவியின் வளர்ச்சியைச் சிறிது நோக்குதல் பொருந்தும்.

றொஜர்சின் காலத்துத் துப்பாக்கி வாய்வழி மருந்து கெட்டிக்கப்படுவது. ஒருமுறை சுட்டபின் மீண்டும் மருந்திட்டு, குண்டிட்டு, கோலால் இடித்து ஆயத்தஞ் செய்வதற்குள் காயமுற்ற யானை மேல் வந்து விழும். எனவே வேட்டைக்காரனின் பின்னே மருந்திட்ட துப்பாக்கிகளைச் சுமந்து ஆட்கள் நிற்பர். றொஜர்சுக்குப் பின் நுவரெலியாவில் குடியேறி 1855 வரை வாழ்ந்த சாமுவேல் பேக்கர், தமது இலங்கை வேட்டையனுபவங்களை 1854இல் நூலாக வெளியிட்டார். அவருக்கெனப் பிரித்தானியாவின் பிறிஸ்ரல் நகரத்துக் கிப்ஸ் என்னும் தொழிலாளர் 1840இல் செய்தளித்த துப்பாக்கி 21 இறாத்தல் நிறையுடையது. மூன்று அவுன்சு ஈயக்குண்டை எறியவல்லது. யானைக்கு அது; மரைக்கு வேட்டைநாயும் கத்தியும்; சிறு விலங்குக்கு வேறொன்று. விலங்குக்கேற்ற கருவி என்பதே அன்றைய நியதி. அக்கருவிகளைச் சுமந்து காட்டிலே முன்னும் பின்னும் நடந்தவர்களோ இந்நாட்டு மக்கள். துரையின் பெயர் நூலில் நின்றது. சுமந்தவனின் பெயர் பெரும்பாலும் நிற்கவில்லை.

இன்று அச்சுமை நீங்கிவிட்டது. ஒரே துப்பாக்கியில் குழலை மட்டும் மாற்றிக்கொள்ளும் முறை வழக்கிற்கு வந்துள்ளது. ஜேர்மனியின் பிளேசர் நிறுவனம் 1993இல் வெளியிட்ட ஆர் 93, அதன்பின் 2008இல் வெளியிட்ட ஆர் 8 ஆகியவை இவ்வகையிற் பெயர்பெற்றவை. முன்கட்டையின் கீழுள்ள திருகுகளைச் சாவி கொண்டு தளர்த்திக் குழலைக் கழற்றலாம். தேவையான அளவுடைய வேறொரு குழலைப் பொருத்தலாம். அதற்கேற்ப அடைப்பின் தலையையும் தோட்டாப் பெட்டியின் உறுப்பையும் மாற்றினால் வேலை முடிந்தது. குறிநோக்கி குழலின்மீதே பொருந்துவதால், ஒவ்வொரு குழலும் தன் குறியைப் பெரிதும் பிறழாது காத்துக்கொள்ளும். நரிக்கேற்ற சிறுகுழலிலிருந்து யானைக்கும் காட்டெருமைக்கும் ஏற்ற பெருங்குழல் வரை ஒரே பெட்டியில் அடங்கிவிடும். பேக்கரின் பின்னே நடந்த ஆட்கூட்டம் முழுவதும் இன்று ஒரு தோற்பெட்டிக்குள் சுருங்கிவிட்டது எனலாம்.

ஒரே படையால் எல்லா விலங்கையும் வீழ்த்தும் ஆசை தமிழர்க்கும் புதியதன்று. கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் ஓரம்பு யானையை ஊடுருவி, புலியைச் சாய்த்து, மானை உருட்டி, பன்றியை வீழ்த்தி, ஈற்றில் புற்றிலிருந்த உடும்பிற் சென்று தைத்ததாகப் புறநானூற்றிலே வன்பரணர் பாடினார். அந்த அம்பை வியவாத தமிழ் மாணவன் இல்லை. ஆயின் அப்பாட்டு அம்போடு முடிந்துவிடவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது. வேட்டையாடியவன் யாரென அறியாது வந்த பாணர் கூட்டத்திற்கு அவன் இறைச்சியும் மதுவும் அளித்து, பொன்னும் மணியும் ஈந்து அனுப்பினான் என்பதே பாட்டின் முடிவு. புலவர் வில்லாண்மையிற் தொடங்கி வள்ளன்மையில் முடிக்கின்றார். ஓரியின் பெருமை அம்பு எத்தனை உடல்களைத் துளைத்தது என்பதில் மட்டும் இல்லை. அந்த வேட்டை யாருடைய பசியைத் தணித்தது என்பதிலும் உண்டு. குழலின் ஆற்றலைக் கேட்கும் காலம் இந்த இரண்டாவது கணக்கைக் கேட்க மறந்துவிடுகின்றது.

இனி, இத்தகைய துப்பாக்கியொன்றை வாங்க எண்ணும் ஒருவரை நினைத்துப் பார்க்கலாம். அவர் ஐரோப்பியராகவோ அமெரிக்கராகவோ இருக்கலாம். கனடாவிலோ அவுஸ்திரேலியாவிலோ குடியேறிய தமிழராகவும் இருக்கக்கூடும். அவர் கொடியவர் அல்லர் எனவே கொள்வோம். அவர் தம் செயலுக்கு மூன்று நியாயங்கள் கூறுவார்.

முதலாவது, சிக்கனம்: பல துப்பாக்கிகளை வாங்குவதினும் ஒன்றை வாங்கிக் குழல்களைச் சேர்ப்பது எளிது. இரண்டாவது, கருணை: கை பழகிய ஒரே கட்டையும் ஒரே விசையும் இருந்தால் குறி தவறாது, விலங்கின் பருமனுக்கேற்ற குழலிருந்தால் அது துடிதுடித்துச் சாகாமல் நொடியில் மடியும். பெரும் விலங்குகளைச் சுடுவதற்குக் குறைந்தபட்சம் .375 அளவுடைய துப்பாக்கி வேண்டுமெனப் பல ஆபிரிக்க நாடுகள் விதித்திருப்பதன் நோக்கமும் இதுவே. மூன்றாவது, பயன்: வேட்டைக்காரன் செலுத்தும் கட்டணம் காட்டையும் காட்டோரத்து மக்களையும் வாழ்விக்கின்றது.

முதல் நியாயம் பணப்பையைப் பற்றியது, அறத்தைப் பற்றியதன்று. அதனை விடுத்துவிடலாம். இரண்டாம் நியாயத்தையோ எளிதில் ஒதுக்கிவிட முடியாது. தகுதியற்ற கருவியும் பழகாத கையும் சேர்ந்தால் என்ன நிகழும் என்பதை ஜோர்ஜ் ஓர்வெல் 1936இல் எழுதிய கட்டுரையிற் காணலாம். பர்மாவில் ஒரு மனிதனைக் கொன்ற யானை, மதமடங்கி அமைதியாய்ப் புல் மேய்ந்து நிற்கின்றது. அதனைச் சுடவேண்டிய தேவை தீர்ந்துவிட்டது என்று கட்டுரையிற் பேசும் அதிகாரிக்குத் தெரிகின்றது. ஆயினும் பின்னே திரண்ட கூட்டத்தின் முன் நகைப்புக்கிடமாகிவிடக் கூடாதென்று அவன் சுடுகின்றான். எங்கே குறிவைப்பது என்பதை அவன் செவ்வனே அறியான். குண்டு குண்டாய்ச் சுட்டும் அந்த யானை உயிர்விட அரைமணி நேரம் சென்றது. தக்க குழலும் தேர்ந்த கையும் இருந்திருந்தால் அந்த அரைமணி நேரத் துன்பம் இல்லாதொழிந்திருக்கும் என்பது உண்மையே.

ஆனால் அதே கதை வேறொன்றையும் காட்டுகின்றது. எவ்வளவு சிறந்த துப்பாக்கி இருந்திருந்தாலும் அந்த யானை சுடப்பட்டிருக்கத் தேவையில்லை என்ற குற்றம் அப்படியே நின்றிருக்கும். ஆக, கருணையென்னும் நியாயம் ‘எப்படிக் கொல்வது’ என்ற வினாவுக்கு மட்டுமே விடையாகின்றது. ‘ஏன் கொல்வது’ என்ற வினாவை அது தொடுவதேயில்லை. கத்தியைத் தீட்டி வைத்தல் ஆடறுப்போனின் கடமை. மழுங்கிய கத்தியால் அறுப்பவன் கொடியவன். ஆயினும் கத்தி கூர்மையாயிருக்கின்றது என்பதனால் மட்டும் அறுப்பது நியாயமாகிவிடாது. கொல்லுதல் தகும் என்று வேறொரு காரணத்தால் நிலைநாட்டப்பட்ட பின்னரே, கூர்மை கடமையாகின்றது. வரிசையைத் தலைகீழாக்கி, கூர்மையைக் காட்டிக் கொலையை நியாயப்படுத்துவது தன்னையே ஏமாற்றிக்கொள்ளும் வழியாகும்.

எனவே ஒரே துப்பாக்கி இருவர் கையில் இருவேறு அறமாகலாம். ஊர்ப்புறத்தில் ஆட்களைக் கொன்று திரியும் யானையைத் தடுக்க வேறு வழியெல்லாம் அற்றுப்போன நிலையில், கடமையின் பொருட்டுச் சுடவேண்டியவன், தகுந்த குழலைத் தேர்ந்தெடுப்பது அறமே. தன் வீட்டுச் சுவரில் மாட்டுவதற்கு ஒரு தலை வேண்டுமென்று கடல்கடந்து செல்பவன் அதே குழலைத் தேர்ந்தெடுப்பது வேறு. குழல் ஒன்றே; குறி வேறு.

அவ்வாறாயின் கருவிக்கு எப்பொறுப்பும் இல்லையோ என்று கேட்கலாம். முற்றிலும் இல்லையெனல் பொருந்தாது. கருவி வெறுமனே கிடக்கும் பொருளன்று. அது தனக்கேற்ற செயலை உடையவன் மனத்தில் விதைக்கவல்லது. மரை வேட்டைக்கென ஒரு குழலோடு துப்பாக்கி வாங்கியவன் கடைக்காரரின் விலைப்பட்டியலைப் புரட்டுகின்றான். யானைக்குரிய குழல் அதிலிருக்கின்றது. துப்பாக்கியின் பெரும்பகுதி ஏற்கெனவே கையிலிருப்பதால், எஞ்சிய சிறுபகுதிக்கான செலவு அற்பமாய்த் தோன்றுகின்றது. குழல் வந்தபின் அது பெட்டியில் உறங்குவதைப் பார்க்க மனம் பொறுப்பதில்லை. யானையைச் சுடும் தேவை இருந்ததனால் குழல் வாங்கப்பட்டது என்ற நிலைமாறி, குழல் வாங்கப்பட்டதனால் யானையைச் சுடும் தேவை பிறக்கின்றது. மனிதனின் பெருந்தவறுகள் பலவும் இவ்வாறு சிறிய வசதிகளின் படிகளில் ஏறியே நிகழ்கின்றன. ஆதலின் இவ்விடயத்தில் அறமுடிவு விசையை இழுக்கும் நொடியில் எடுக்கப்படுவதன்று. கடையில் பணத்தை எண்ணி வைக்கும்போதே பெரும்பாலும் எடுக்கப்பட்டுவிடுகின்றது.

மூன்றாம் நியாயத்தை நேர்மையுடன் ஆராய்தல் வேண்டும். நமீபியாவில் 1996ஆம் ஆண்டின் சட்டம் காட்டுவிலங்குகளின் மீதான உரிமையைக் கிராமச் சமூகங்களுக்கு வழங்கியது. வேட்டைக் கட்டணத்தின் பயன் அச்சமூகங்களைச் சென்றடைகின்றது. விலங்கைப் பகையாய்க் கண்டவன் அதனைச் செல்வமாய்க் காணவும் தொடங்கினான். மறுபுறம், 1977இல் வேட்டையை முற்றாகத் தடைசெய்த கென்யாவில் அத்தடையால் மட்டும் விலங்குகள் பெருகவில்லை. வேலிகளும் வயல்களும் மந்தைகளும் பெருகப் பெருக, அவற்றின் தொகை குறைந்தே வந்தது. வேட்டையைத் தடுத்துவிட்டால் காடு காப்பாற்றப்பட்டுவிடும் என்று எண்ணுவோர் இவ்வுண்மையை மறைத்தல் ஆகாது.

ஆயினும் இங்கு இருவேறு வினாக்கள் ஒன்றாய்க் குழம்பிவிடுகின்றன. ஒரு வறிய நாடு தன் காட்டைக் காக்க எந்தப் பேரத்தைச் செய்துகொள்ளலாம் என்பது அரசியல் வினா. அப்பேரத்தின் மறுபுறம் நிற்பவனின் மனம் எத்தகையது என்பது அறவினா. நற்பயனைத் தருவது கட்டணமேயன்றிக் குண்டன்று. குண்டில்லாமல் கட்டணம் மட்டும் கொடுக்கும்படி கேட்டால் கொடுப்பாரா என்பதே அவர் தம்மைத்தாம் கேட்டுக்கொள்ள வேண்டிய வினா. கொடார் எனின், அவர் காத்தலின்பொருட்டுக் கொல்கின்றார் எனல் பொய். கொல்லுதலின்பொருட்டுக் கொடுக்கின்றார் என்பதே மெய். அந்தக் கொடையை நாடு ஏற்றுக்கொள்ளலாம். அதனால் அவர் மனம் தூய்மை பெற்றுவிடாது.

இவ்வளவும் செல்வந்தரின் துப்பாக்கியைப் பற்றியது. ஆனால் அப்புத்தளையிலிருந்து இவ்வினாவை எழுப்புவோர் இன்னொரு கருவியையும் மறத்தலாகாது. அஃது ஒரு முழம் கம்பிச் சுருக்கு. தோட்டத்து லயத்தின் பின்னே ஒரு துண்டு நிலத்தில் கிழங்கும் மரக்கறியும் பயிரிட்டவன், காட்டுப்பன்றி ஓரிரவில் உழுது அழித்துவிட்டுப் போவதை விடியலிற் காண்கின்றான். அவனுக்குத் துப்பாக்கியில்லை, அதற்கான உரிமமும் எட்டாது, மாற்றுக்குழல் என்ற சொல்லையே அவன் கேட்டிருக்கமாட்டான். வேலியோரத்தில் கம்பிச் சுருக்கை வைக்கின்றான். பன்றிக்கு வைத்த சுருக்கிற் சிறுத்தை சிக்குகின்றது. 2020ஆம் ஆண்டு மே மாதம் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் அரிய கருஞ்சிறுத்தையொன்று இவ்வாறே கம்பியிற் சிக்கி, மீட்கப்பட்டும் சில நாட்களில் மாண்டதை நாடே அறியும். சுருக்கின் கொடுமை சொல்லில் அடங்காது: விலங்கு இழுக்க இழுக்கக் கம்பி இறுகும், சாவு மணிக்கணக்கில், சிலவேளை நாட்கணக்கில் வரும்.

ஈண்டு அறத்தின் கடினமான முடிச்சு வெளிப்படுகின்றது. செல்வந்தன் கொல்லும் முறை மென்மையானது. அவனுக்குக் கொல்லவேண்டிய தேவையில்லை. வறியவன் கொல்லும் முறை கொடியது, அவனுக்கோ தேவையுண்டு. விலங்கின் வலியை மட்டும் அளப்போமாயின் வறியவனே பெருங்குற்றவாளியாவான். விலங்கு சிந்திக்குமா என்று கேளாமல் அது துன்புறுமா என்று கேட்கவேண்டுமென 1789இல் பெந்தம் வற்புறுத்திய அளவுகோல் அத்தீர்ப்பையே தரக்கூடும். செயலின் காரணத்தை மட்டும் அளப்போமாயின் செல்வந்தனே பெருங்குற்றவாளியாவான். இரண்டையும் சேர்த்தளந்தால் வேறொரு உண்மை புலனாகின்றது: கருணையோடு கொல்வதற்கும் செல்வம் வேண்டியிருக்கின்றது. வறியவனுக்குக் கருணையைக் கற்பிக்கப் புறப்படுவோர், முதலில் பன்றி புகாத வேலியையும், அழிந்த பயிருக்கு ஈட்டையும் அவனுக்கு அளித்தல் வேண்டும். அதனைச் செய்யாமல் கம்பியை வைத்தவனை மட்டும் சிறையிலிடும் சமூகம், தன் பங்கு குற்றத்தை அவன் தலையிற் சுமத்துகின்றது. எனினும், தேவை என்பது எல்லாவற்றையும் கழுவிவிடும் நீரன்று. தன் பயிரைக் காக்கும் உரிமை, எந்த விலங்கு எத்தனை நாள் துடித்தாலும் அக்கறையில்லை என்ற உரிமையாக விரிவதில்லை. இதனை அவனும் உணர்தல் வேண்டும்.

இவ்வநீதி நேற்றுத் தோன்றியதன்று. 1848க்கு முந்திய மூன்றாண்டுகளுக்கும் குறைந்த காலத்தில், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3500க்கும் மேற்பட்ட யானைகள் அரசு வழங்கிய சன்மானத்திற்காகக் கொல்லப்பட்டன என ரெனன்ற் குறிக்கின்றார். அன்று கொல்வதற்குக் கூலி கொடுத்தது அரசு. பின் விலங்கு அருகியபோது சட்டங்கள் வந்தன. 1937இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. சட்டம் வந்தது நன்றே. ஆயினும் துரை சுட்டது விளையாட்டு என்றும், ஊரான் சுட்டது திருட்டு என்றும் பெயர்பெற்ற காலமொன்று இடையே இருந்தது. இன்றும் யானைக்கும் மனிதனுக்குமான போர் ஓயவில்லை. 2019ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் நானூறுக்கு மேற்பட்ட யானைகளும் நூறுக்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர். அவ்வாறு மாண்ட மனிதருள் தோற்பெட்டியில் மாற்றுக்குழல் சுமந்தவர் எவருமிலர். தம் வயலுக்கும் வீட்டுக்கும் காவலிருந்த எளியவர்களே மிகப்பலர்.

மீண்டும் றொஜர்சிடம் வருதல் வேண்டும். அவரை அரக்கனாகச் சித்திரித்தால் வினா எளிதாகிவிடும். ஆனால் அது பொய்யாகிவிடும். பதுளையின் புனித மாற்கு ஆலயம் அவர் நினைவாகவே எழுப்பப்பட்டது. எல்லா வகுப்பைச் சேர்ந்த நண்பரும் அபிமானிகளும் சேர்ந்து எழுப்பியதாக அங்குள்ள நினைவுக்கல் கூறுகின்றது. அதிகாரியாகவும் நீதிபதியாகவும் அவர் மதிக்கப்பட்டார். காலையில் நீதிமன்றத்தில் ஒருவனுடைய முறைப்பாட்டைப் பொறுமையுடன் கேட்கும் மனிதர், மற்றொரு நாள் காட்டில் ஒரு மந்தையை வீழ்த்திவிட்டு நிம்மதியாக உறங்கினார். இதுவே அச்சந்தரும் உண்மை. தீயவரிடமிருந்து உலகைக் காப்பதற்குச் சட்டம் உண்டு. நல்லவர் தாம் காணாத ஓரிடத்தில் செய்யும் தீமையிலிருந்து உலகைக் காப்பதற்கு அவரவர் மனச்சாட்சியைத் தவிர வேறொன்றுமில்லை. விலங்குகள்மீது கொடுமை பழகியவன் மனிதர்மீதும் கொடியவனாவான் என்று காந்த் எச்சரித்தார். றொஜர்சின் வாழ்வு அதனினும் ஆழமான எச்சரிக்கையைத் தருகின்றது: மனிதர்பால் நல்லவனாயிருந்துகொண்டே, மனிதரல்லாத உயிர்கள்பால் ஒருவன் வாழ்நாள் முழுவதும் குருடனாயிருக்க முடியும்.

ஆகவே பெருவிலங்குக்கான குழலொன்றை வாங்கக் கடை வாயிலில் நிற்பவர் தம்மை மூன்று வினாக்கள் கேட்டல் தகும். இக்கொலை இல்லாவிடில் யாருக்கேனும் இழப்புண்டா? இதே நன்மையைக் கொல்லாமல் பெற வழியுண்டா? கொன்றபின் அதனைக் கண்டவர் எவருமின்றி, படமுமின்றி, சுவரில் தலையுமின்றிப் போகுமாயின், அப்பொழுதும் இதனைச் செய்ய மனம் வருமா? மூன்றுக்கும் நேர்மையாக விடையளித்தபின் வாங்குபவர் வாங்கட்டும். அவர் கையிற் கருவி கடமையாகும். விடையளிக்க அஞ்சுபவர் திரும்பிச் செல்வதே நன்று.

பதுளை ஆலயத்தின் கல்லில் ஒரு மனிதரின் பெயர் இருக்கின்றது. அவர் வீழ்த்திய 1400 யானைகளுக்குக் கல்லில்லை. தெற்கே விரியும் தாழ்நிலத்தில், அவற்றின் வழித்தோன்றல்களாய் எஞ்சியவை மின்வேலிகளுக்கிடையே இன்றும் வழிதேடுகின்றன. அப்புத்தளைக் கணவாயில் மூடுபனி விலகும் நேரங்களில் அந்நிலம் தெளிவாகவே தெரிகின்றது.